பதினெட்டு பாகை

மீன் கிடங்கில் இரவுக் காவல் எனக்கு.
உறைபெட்டிகளின் இரைச்சலுக்கு நடுவே
கறுப்புத் திரையில் எழுதிய நிரல் இது.
படமில்லை, பொத்தானில்லை.
அட்சம், தீர்க்கம், தேதி
மூன்றையும் ஒரே வரியில் தட்டினால்
வானம் வரிசையில் வந்து நிற்கும்:
ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன்...

ஐஸ்லாந்துக்காரர்களின் வாரத்தில்
ஞாயிறும் திங்களும்தான் மிச்சம்.
மற்றவர்களை எந்தக் காலத்திலோ
ஒரு பாதிரியார் பேர்வெட்டிவிட்டாராம்.
மூன்றாம் நாள், நடுநாள், ஐந்தாம் நாள்,
நோன்பு நாள், குளியல் நாள்.
என் நிரலில் மட்டும்
ஐவரும் இன்னும் வேலைக்கு வருகிறார்கள்.

முதல் வாரம்
தீர்க்கத்தின் முன்னால் கழித்தல் குறியை விட்டுவிட்டேன்.
ஊர் அப்படியே பெயர்ந்து
நார்வே மலைக்காட்டில் போய் விழுந்தது.
இரண்டு மணி நேரம் முந்தி விடிந்தது.
குறியைப் போட்டதும் திரும்பி வந்தது,
ஒரு படகின் கயிறுகூட அவிழாமல்.

ஜனவரிக் கடைசியில் ஒட்னி வந்தாள்,
கையுறையைக் கழற்றாமலே
'எனக்கு எப்போது?' என்றாள்.

அக்டோபரில் மலைக்குப் பின்னால் போகும் வெயில்
பிப்ரவரி பதினெட்டில்தான்
எங்கள் தேவாலயத் தெருவுக்குத் திரும்பும்.
அன்று வீட்டுக்கு வீடு பான்கேக், காபி.
பதினொரு வருடம் அவளும் சுட்டாள்,
ஹ்ரெய்தாரின் அடுப்பில்.
போன நவம்பரில் இரண்டு பெட்டியோடு
மலையை ஒட்டிய மஞ்சள் வீட்டுக்கு மாறினாள்.
கோடைக்கு மட்டும் ஆள் வரும் வீடு.
அங்கே எந்தத் தேதியென்று
ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

தட்டினேன்.
'உதயம்: காலை பத்து மணி எட்டு நிமிடம்.'
ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு
அவள் சிரித்துவிட்டாள்.
என் நிரலுக்கு மலை தெரியாது.
எல்லா ஊரும் அதற்கு நடுக்கடல்.

மறுநாள் அவள் சமையலறையில்
பள்ளிக்கூடக் கோணமானியும்
நூலில் கட்டிய தூண்டில் ஈயமுமாக நின்றேன்.
முகடு பதினெட்டு பாகை.
நிரலில் மலைக்கு ஓர் இடம் ஒதுக்கினேன்.
மார்ச் மூன்று. பகல் ஒன்று எட்டு.
நான்கு நிமிடம்.

'மலையைக் கொஞ்சம் குறை.'
பதினேழு போட்டேன். மூன்று நாள் முந்தியது.
பதினாறு. இன்னும் மூன்று நாள்.
பதின்மூன்று போட்டபோது
பிப்ரவரி பதினெட்டு வந்து நின்றது.
கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது.
'அழி' என்றாள்.

கெட்டில் கொதித்து அடங்கியபின் கேட்டாள்:
'அதுவரை இந்த ஜன்னலுக்கு
வேறு யாராவது வருவார்களா?'

திங்கள். நள்ளிரவு. நாற்பது பாகை.
மலைக்கு மேலே, தாராளமாக.
குளிர்காலத்தில் வெயில் தாழத் தாழ
பௌர்ணமி உயரத்தில் போகும்,
வெறும் சாய்வுக் கணக்குதான் என்றேன்.
சொல்லும்போது
குரல் ஏனோ கம்மியது.

பௌர்ணமியன்று காவலை மாற்றிக்கொண்டு போனேன்.
மாவில் கட்டி. முதல் பான்கேக் கருகல்.
தரையில் விழுந்த வெள்ளைச் சதுரத்துக்குள்
இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டோம்.
சதுரம் நகர நகர நாங்களும் நகர்ந்தோம்,
கடைசியில் குளிர்பெட்டிமேல் முதுகு இடிக்கும் வரை.
ஹ்ரெய்தாரைப் பற்றி ஒரு சொல் இல்லை.
பால் விலையைத் திட்டினாள்.

பதினெட்டாம் தேதி
வெண்ணெய் வாசம் கிடங்கு வரைக்கும் வந்தது.

மார்ச் மூன்று, துறைமுகத்தில் எனக்குப் பகல் வேலை.
கைபேசியில் ஒரே வரி:
'ஒன்று பத்து. உன் மலை இரண்டு நிமிடம் பருமன்.'

திருத்த வேண்டும்.
கோணமானியை எடுத்துக்கொண்டு
இன்னொரு முறை போக வேண்டும்.